மேடைக்கு முதுகு காட்டும் ரசிகர்கள்

ஒயாசிஸ் இசைக்குழு 2025 ஜூலை 4 அன்று வேல்ஸின் கார்டிஃப் நகரில் மீண்டும் மேடை ஏறியது. நடுவில் பதினாறு வருட இடைவெளி. டிக்கெட்டுக்காக இணைய வரிசையில் காத்துக் கிடந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். கிடைத்தவர்களிலும் பலர் ஒரு டிக்கெட்டுக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு அழுதவர்கள். அப்படிக் காசைக் கொட்டி வந்து நின்ற கூட்டம், 'சிகரெட்ஸ் அண்ட் ஆல்கஹால்' என்ற பாட்டு தொடங்கும்போது, பாடகர் கேட்டுக்கொண்டபடி, மொத்தமாகத் திரும்பி மேடைக்கு முதுகைக் காட்டியது. பக்கத்தில் நிற்பவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு தாளத்துக்குக் குதித்தது. அந்தச் சுற்றுப்பயணத்தில் ஊர் ஊராக இதே காட்சிதான்.

இது கால்பந்து மைதானத்திலிருந்து வந்த பழக்கம். போலந்தின் லெக் போஸ்னான் அணி ரசிகர்கள் இப்படிக் குதிப்பார்கள். 2010-ல் அவர்கள் மான்செஸ்டர் சிட்டி அணியோடு மோத வந்தபோது சிட்டி ரசிகர்கள் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒயாசிஸின் கேலகர் சகோதரர்கள் பிறவி சிட்டி ரசிகர்கள். ஆக, வந்த வழி தெரிகிறது. எனக்கு வியப்பு வேறு இடத்தில். பார்ப்பதற்காகவே பணம் கொடுத்து வந்தவர்கள், பார்க்காமல் நிற்கும் அந்தச் சில நிமிடங்களை ஏன் அத்தனை கொண்டாடுகிறார்கள்? பழைய நண்பனோடு பழைய இசைக்குழுவைப் பார்க்கப் போகிறவர்களின் மூளையிலும் உடம்பிலும் நடப்பதைப் பற்றி நாற்பது வருட ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் படிக்க, மேடையில் நிற்பவர்கள் இந்தக் கதையில் துணைப் பாத்திரங்கள்தானோ என்ற சந்தேகம் எனக்கு வலுத்துக்கொண்டே வருகிறது.

குழுவின் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மான்செஸ்டரின் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணன் நோயல், தம்பி லியம். அண்ணன் பாட்டெழுதி கிட்டார் வாசிப்பார், தம்பி பாடுவார். 1994-லும் 1995-லும் வந்த முதல் இரண்டு ஆல்பங்களோடு பிரிட்டன் அவர்கள் கையில். 1996 ஆகஸ்டில் நெப்வொர்த் மைதானத்தில் இரண்டு இரவுகள் பாடினார்கள். இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள், டிக்கெட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல். கூடவே ஓயாத பங்காளிச் சண்டை. 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில், மேடை ஏறச் சற்று நேரமே இருக்கையில் சண்டை முற்றி, கிட்டார் உடைந்து, நோயல் வெளியேறினார். 2024 ஆகஸ்ட் 27 அன்று மறுகூடல் அறிவிப்பு வந்தது.

அந்தச் சுற்றுப்பயணத்தின் பாடல் வரிசையைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஓர் இரவுக்கு 23 பாடல்கள். அவற்றில் 2002-ல் வந்த ஒரே ஒரு பாட்டைத் தவிர மற்ற எல்லாமே 1994 முதல் 1997 வரை வெளியானவை. அதற்குப் பிறகு அவர்கள் போட்ட நான்கு ஆல்பங்களில் மீதி எதையும் தொடவில்லை. ரசிகர்களின் பிறந்த வருடத்தைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கிறது. 1995-ல் பதினைந்து வயதாக இருந்தவருக்கு 2025-ல் நாற்பத்தைந்து.

நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், அவை எல்லா வயதிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பத்து வயது முதல் முப்பது வரையிலான காலத்திலிருந்து அளவுக்கு மீறி வருகின்றன. உளவியலாளர் டேவிட் ரூபினும் அவரது சகாக்களும் 1986-ல் பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து வரைந்தபோது அந்த வயதில் வரைபடம் மேடாக எழுந்தது. அதை நினைவு மேடு எனலாம். இசை விஷயத்தில் இந்த மேடு இன்னும் முன்னால், இன்னும் கூராக இருக்கிறது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி யாகுபோவ்ஸ்கி தலைமையிலான குழு, 18 முதல் 82 வயது வரையிலான 470 பேரிடம் அறுபத்தைந்து வருட வெற்றிப் பாடல்களின் பட்டியலைக் காட்டி, எந்தப் பாட்டு சொந்த நினைவைக் கிளப்புகிறது என்று கேட்டது. உச்சம் சுமார் பதினான்கு வயதில் விழுந்தது. அந்த வயதில்தான் ஆளுமை உருவாகிறது, முதல் அனுபவங்கள் குவிகின்றன, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாட்டை ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமையும் பொழுதும் இருக்கின்றன. நம்மூரில் இளையராஜா ரசிகரிடம் எந்த வருடப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டு, அவர் பிறந்த ஆண்டை ஓரளவு ஊகித்துவிடலாம்.

கார்டிஃபிலும் மான்செஸ்டரிலும் பதினெட்டு, இருபது வயதுக்காரர்கள் ஒரு சொல் பிசகாமல் சேர்ந்து பாடினார்களே, அவர்களுக்கு என்ன நினைவு மேடு? இதற்கும் பதில் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் க்ரம்ஹான்ஸலும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013-ல் கல்லூரி மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரையிலான பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். மாணவர்களின் சொந்தக் காலத்துப் பாடல்கள் நெருக்கமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர்களுடைய பெற்றோரின் இளமைக் காலப் பாடல்களிலும் ஒரு தனி மேடு எழுந்தது. அறுபதுகளின் பாடல்களில், அநேகமாகத் தாத்தா பாட்டி வழியாக, இன்னொரு சிறு மேடு. வீட்டிலும் காரிலும் அப்பா போட்ட பாட்டு பிள்ளையின் நினைவாகவும் ஆகிவிடுகிறது.

பாட்டைக் கேட்டதும் மூளையில் என்ன நடக்கிறது என்பதைப் பலரும் டோபமைன் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். விஷயம் அதைவிடச் சுவையானது. 2011-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் சட்டோரேயும், இசை கேட்டால் தவறாமல் மயிர்க்கூச்செறியும் சிலரைப் பொறுக்கியெடுத்து, அவர்களுக்குப் பிடித்த இசையையே போட்டு ஸ்கேன் செய்தார்கள். உச்சக்கட்டம் வரும் நொடியில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் டோபமைன் சுரந்தது. அதற்குச் சற்று முன்பே, உச்சம் வரப்போகிறது என்று மனம் எதிர்பார்க்கும் நொடிகளில், காடேட் என்ற வேறொரு பகுதியில் டோபமைன் சுரந்திருந்தது. எதிர்பார்ப்புக்குத் தனிக் கூலி, கிடைத்ததற்குத் தனிக் கூலி. முதல் கிட்டார் மீட்டலிலேயே அரங்கம் அலறுகிறதே, அந்த அலறல் இந்த முதல் கூலிக்கு. மனப்பாடமான பாட்டுக்குத்தான் இது முழுதாகக் கிடைக்கும். பழைய குழுக்கள் 'இப்போது எங்கள் புதிய ஆல்பத்திலிருந்து' என்று தொடங்கும்போது ஜனங்கள் தண்ணீர் குடிக்கக் கிளம்புவதற்கும் இது ஒரு காரணம்.

நினைவும் இசையும் கைகோக்கும் இடத்தை பீட்டர் யனாடா 2009-ல் தேடினார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பதின்மூன்று மாணவர்களுக்கு, அவர்கள் எட்டு முதல் பதினெட்டு வயது வரை இருந்த காலத்துப் பாடல்களின் துண்டுகளைப் போட்டார். பரிச்சயமான, நினைவைக் கிளறுகிற பாட்டு வந்தபோதெல்லாம் நெற்றிக்கு நேர் பின்னால், முன்மூளைப் புறணியின் நடுப்பகுதி விழித்துக்கொண்டது. நம்மைப் பற்றியே நாம் யோசிக்கும்போது வேலை செய்கிற பகுதி அது. அல்சைமர் நோயில் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் தாமதமாகத் தேய்கிற பகுதிகளில் அதுவும் ஒன்று. பேரன் பெயரை மறந்த பாட்டி பழைய பாட்டை முழுக்கப் பாடுவதன் காரணம் இந்தப் பக்கம் இருக்கலாம் என்று யனாடா கருதினார். பதின்மூன்றே பேர் என்பதையும் மறக்கக் கூடாது.

இதுவரை சொன்ன எல்லாம் வீட்டில் தனியாக ஹெட்போன் மாட்டினாலும் கிடைக்கும். பாட்டு அதேதான், ஒலித்தரம் வீட்டில் இன்னும் நன்றாகவே இருக்கும். எனக்குக் குறையாகத் தோன்றுவது இங்கேதான். இசையின் மூளை அறிவியல் பெரும்பாலும் ஸ்கேன் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்கும் தனி மனிதனின் அறிவியல். அரங்கத்தில் நிற்பவர் அசையாமல் இருப்பதில்லை, தனியாகவும் இல்லை.

அரங்கத்தின் ஒலியையே எடுத்துக்கொள்வோம். ஆற்றின் எதிர்க்கரையில் துணி துவைப்பவர் கையை ஓங்கிக் கல்லில் அடித்த பிறகே சத்தம் வந்து சேர்வதைப் பார்த்திருப்போம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவரை அது எட்ட ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். ஒயாசிஸின் 'வொண்டர்வால்' பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 87 தட்டு, அதாவது ஒரு தட்டுக்கு 0.7 நொடி. ஆக, பின்வரிசைக்காரர் முன்வரிசைக்காரரைவிடக் கிட்டத்தட்ட அரைத் தட்டு பின்தங்கியிருப்பார். இருவரும் அவரவர் காதில் விழும் தாளத்துக்குச் சரியாகத்தான் கைதட்டுவார்கள். மேலேயிருந்து பார்த்தால் கைகள் அலை அலையாகப் பின்னோக்கி ஓடும்.

பின்னால் நிற்பவர்களுக்காக மைதானத்தின் நடுவில் கோபுரங்கள் எழுப்பி ஸ்பீக்கர்களைத் தொங்கவிடுவார்கள். மின்சமிக்ஞை கம்பியில் கண நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவதால், அதை அப்படியே ஒலிக்கவிட்டால் மேடைச் சத்தம் எதிரொலி போலப் பின்னால் வந்து குழப்பும். ஆகவே கோபுர ஒலியை, மேடை ஒலி அங்கே வந்து சேரும் வரை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள். தேர்ந்த ஒலிப் பொறியாளர்கள் அதற்கும் மேல் பத்துப் பதினைந்து மில்லிநொடி சேர்ப்பார்கள். முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை ஒலியின் திசையாக எடுத்துக்கொள்ளும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949-ல் தன் ஆய்வில் காட்டியிருந்தார். அந்தச் சிறு தாமதத்தால், பக்கத்துக் கோபுரம்தான் உரக்க ஒலிக்கிறது என்றாலும் பாட்டு மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பிவிடும். வெயில் தாழ்ந்து காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்கு 0.6 மீட்டர் குறையும் என்பதால் இரவு ஏற ஏற இந்தக் கணக்கையும் திருத்தவேண்டும்.

இத்தனை ஏற்பாடு இருந்தும், எழுபதாயிரம் பேர் கொண்ட கூட்டம் முழுதாக ஒரே தாளத்தில் இருக்க இயற்பியல் விடாது. ஒத்திசைவு என்பது அண்டையில்தான் சாத்தியம். ஒரு கை நீளத்தில் நிற்பவரோடு தாமதம் மூன்று மில்லிநொடிக்குள். காதால் பிரித்தறிய முடியாத அளவு. தோளில் கை போட்டுக் குதித்தால் காதே தேவையில்லை, உடம்பு உடம்பை இழுத்துக்கொள்ளும். அந்த இழுவையின் பலத்தை ஸ்வீடனின் கோதன்பர்க் நகரம் அனுபவித்திருக்கிறது. 1985 ஜூனில் உல்லேவி அரங்கில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடியபோது கூட்டம் ஒரே தாளத்தில் குதிக்க, அரங்கத்துக்கு அடியில் இருந்த களிமண் படிவம் அந்த அதிர்வில் ஆட, கட்டடத்துக்கே சேதம் ஏற்பட்டுப் பெருஞ்செலவில் அடித்தளத்தைப் பலப்படுத்த வேண்டியதாயிற்று.

தாழ்ந்த ஒலிகள் வேறொரு வேலையும் செய்கின்றன. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கச்சேரி அரங்காகவே கட்டப்பட்ட ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. அங்கே ஆர்ஃபெக்ஸ் என்ற மின்னிசை இணையர் வாசித்தபோது, 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான, காதுக்கு எட்டியும் எட்டாத ஒலியைத் தரும் ஸ்பீக்கர்களை இரண்டரை நிமிடத்துக்கு ஒரு முறை போட்டும் அணைத்தும் பார்த்தார்கள். போட்டிருந்த நேரத்தில் ஆடியவர்களின் அசைவு 11.8 சதவீதம் கூடியது. ஒலி எப்போது வந்தது, எப்போது போனது என்று ஆடியவர்களுக்குத் தெரியவில்லை. தோலும் உள்காதின் சமநிலை உறுப்பும் வாங்கிக்கொண்டு கால்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டன என்பது ஆய்வாளர்களின் ஊகம். அதே கூடத்தில் இன்னொரு சோதனை: கனடிய ராக் பாடகர் இயன் ஃப்ளெச்சர் தோர்ன்லி நேரில் பாடியதைக் கேட்ட கூட்டம், அவருடைய ஆல்பத்தைப் பெட்டியில் கேட்ட கூட்டத்தைவிட வேகமாகத் தலையை ஆட்டியது.

சேர்ந்து அசைவதால் என்ன ஆகும்? வரலாற்றாசிரியர் வில்லியம் மக்நீல் 1941-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்க்கப்பட்டு டெக்சாஸ் புழுதியில் மணிக்கணக்காக அணிநடை போட்டார். உருப்படியான ஆயுதம்கூட இல்லாத, போருக்கு எந்தப் பயனும் இல்லாத நடை. ஆனாலும் சேர்ந்து நடக்க நடக்கத் தான் பெருத்துக்கொண்டே போவது போன்ற ஓர் இன்பம் ஏறியதை அவரால் மறக்க முடியவில்லை. ஐம்பது வருடம் கழித்து அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். நாற்று நடும் பெண்கள் குலவையும் பாட்டுமாக ஒரே வரிசையில் பின்னோக்கி நகர்வதைப் பார்த்த யாருக்கும் அவர் சொல்வது புரியும்.

ஆய்வகம் பிறகு வந்து சேர்ந்தது. ஸ்டான்ஃபோர்டில் 2009-ல் ஸ்காட் வில்டர்மத்தும் சிப் ஹீத்தும் செய்த சோதனையில், காலடி சேர்த்து வளாகத்தைச் சுற்றி வந்த குழுக்கள், ஏனோதானோ என்று நடந்து வந்த குழுக்களைவிடப் பிற்பாடு ஒரு பண விளையாட்டில் ஒருவரையொருவர் நம்பி ஆடின. ஆக்ஸ்ஃபோர்டின் ப்ரான்வின் டார், ராபின் டன்பார் குழுவினர் பிரேசில் பள்ளி மாணவர்களை ஆடவிட்டு, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். உடல் உழைப்பு வலி தாங்கும் திறனைக் கூட்டியது. ஒரே அசைவாக ஆடியது தனியாகக் கூட்டியது. மூளை தானே சுரக்கும் எண்டார்பின் என்ற வலிநிவாரணி இதற்குக் காரணம் என்கிறார்கள். எண்டார்பினை நேரில் அளப்பது கடினம் என்பதால் வலியை வைத்து ஊகிக்கிறார்கள், அவ்வளவே.

இதில் எனக்கு மிகப் பிடித்தது லண்டனின் ஒரு சேர்ந்திசை அமைப்பில் நடந்த ஆய்வு. அங்கே வாரந்தோறும் சிறு குழுக்களாகப் பாடுவார்கள். எப்போதாவது எல்லாக் கிளைகளும் கூடி 232 பேராகப் பாடுவார்கள். இரண்டு சந்தர்ப்பத்திலும் வலி தாங்கும் திறன் ஏறியது. நெருக்க உணர்வு அதிகம் கூடியது பெருங்கூட்டத்தில், முகமறியாதவர்களோடு பாடியபோதுதான். சிறு குழுவில் அது ஏற்கெனவே உயரத்தில் இருந்தது, ஏற இடமில்லை. ஒயாசிஸ் பாட்டுகள் இதற்கென்றே வார்த்தவை போல இருக்கும். எந்தப் பாட்டைக் கேட்டால் ஜனங்கள் கூடப் பாடுகிறார்கள் என்று வட இங்கிலாந்தின் இரவு விடுதிகளில் உட்கார்ந்து கணக்கெடுத்த அலிசன் பாலியும் டேனியல் மியூலன்சீஃபனும், ஆண் குரல், உரத்த நெஞ்சுக்குரல், கமகம் போன்ற நகாசு இல்லாத நேர்ப் பாணி, தெளிவான உச்சரிப்பு என்று பட்டியலிட்டார்கள். லியம் கேலகர் பாடும் விதத்தை வர்ணிக்கச் சொன்னாலும் ஏறக்குறைய இதைத்தான் எழுதவேண்டும்.

சரி, முகமறியாதவரோடும் ஒட்டிக்கொள்ளலாம் என்றால் பழைய நண்பன் எதற்கு?

நினைவுக்காக. 1985-ல் டேனியல் வெக்னர் ஒரு கருத்தை முன்வைத்தார். நெருங்கிப் பழகும் இருவர் நினைவை வேலைப் பங்கீடு செய்துகொள்கிறார்கள். தேதி ஒருவர் பொறுப்பு, முகங்கள் மற்றவர் பொறுப்பு. என்ன நடந்தது என்பதைவிட அது யாரிடம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும். சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் செலியா ஹாரிஸ், ஜான் சட்டன், அமாண்டா பார்னியர் ஆகியோர் நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்த வயதான தம்பதிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு தம்பதி நாற்பது வருடத்துக்கு முந்தைய தேனிலவில் பார்த்த இசை நாடகத்தை நினைவுகூர முயல்கிறார்கள். மனைவிக்குப் பெயர் வரவில்லை. அது இசை நாடகம் என்கிறார் கணவர், அவருக்கும் அதற்கு மேல் வரவில்லை. மனைவிக்கு நடிகரின் பெயர் வருகிறது. அந்தப் பெயர் காதில் விழுந்த மறுகணம் கணவரிடமிருந்து நாடகத்தின் பெயர் வந்து விழுகிறது. இருவரில் யாரிடமும் முழு விடை இல்லை. தனித்தனியே கேட்டிருந்தால் இருவருமே தோற்றிருப்பார்கள்.

அறிமுகமில்லாதவர்களைச் சேர்த்து உட்காரவைத்தால் பெரும்பாலும் எதிர்மாறாக நடக்கும். ஒருவர் பேச்சு மற்றவரின் நினைவோட்டத்தை அறுத்துவிடும். தனித்தனியே நினைவுகூர்ந்து கூட்டியதைவிட மொத்தம் குறையும். நீண்ட நாள் பழகியவர்களிலும், மாறி மாறித் தூண்டில் போட்டுப் பேசும் ஜோடிகளுக்கே லாபம் கிடைக்கிறது. 1996 நெப்வொர்த் இரவுக்கு எந்த வழியில் போனோம், உடன் வந்த மூன்றாவது ஆள் யார், எந்தப் பாட்டின்போது அழுதோம் என்பதெல்லாம் பதிவுத் தட்டில் இல்லை. அரைகுறையாக இரண்டு மண்டைகளில் கிடக்கிறது. அவற்றை ஒட்டிப் பார்க்க இருவரும் ஒரே இடத்தில், அதே பாட்டைத் தூண்டிலாக வைத்து நிற்கவேண்டும். ஒட்டும்போது பொய்யும் சேரும். ஒருவர் உறுதியாகச் சொன்ன தவறு மற்றவர் நினைவில் உண்மையாக உட்கார்ந்துகொள்வதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகிறவர்கள்தான் கவலைப்படவேண்டும்.

பாட்டைப் பற்றிய நினைவு மட்டும் விசித்திரமாகத் துல்லியம். டேனியல் லெவிட்டின் 1994-ல் நாற்பத்தாறு பேரைக் கூப்பிட்டு, பிடித்த பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னார். பயிற்சி பெற்ற பாடகர்களை அவர் தேடிப் பிடிக்கவில்லை. இருந்தும் நாற்பது சதவீதத்தினர் இரண்டு முயற்சியில் ஒன்றிலாவது அசல் பதிவின் சுருதியிலேயே பாடினார்கள். இன்னும் பலர் நம் கச்சேரிக்காரர்கள் கணக்கில் ஒரு கட்டைக்குள்ளேயே நின்றார்கள். வயதான பாடகர்கள் குரலுக்குத் தோதாகச் சுருதியை இறக்கிப் பாடும்போது காரணம் தெரியாமலே ரசிகனுக்கு ஏதோ உறுத்துவது இதனால் இருக்கலாம்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணியிடத்துக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது வெறும் பதினைந்து நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்கு வைத்த உச்சவரம்பும், கால் மணி நேரச் சராசரியாக, அதே 100 டெசிபல்தான். இரண்டு மணி நேரக் கச்சேரி முடிந்து காதில் ரீங்காரம் கேட்டால் அது மறுநாள் போய்விடும் என்று சும்மா இருந்துவிடுகிறோம். ஹார்வர்டின் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மேனும் 2009-ல் எலிகளில் கண்டது வேறு: கேட்கும் திறன் சோதனையில் முழுக்கத் திரும்பிய பிறகும், உள்காதுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பெரும் பங்கு நிரந்தரமாகப் போயிருந்தது. மனிதரிலும் அப்படியே என்று நிறுவும் வேலை இன்னும் நடக்கிறது. அப்படி ஏற்படும் இழப்பு அமைதியான அறையில் தெரியாது, இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறியும்போதுதான் தெரியும் என்று கருதப்படுகிறது. நண்பனின் பேச்சு கேட்க வேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். இசைக்கென்றே செய்தவை எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், பாட்டு கெடாது.

இனி, அந்த நண்பனை அழைப்பது. பார்க்க எளிதாகத் தோன்றும் இந்தப் பகுதிதான் உண்மையில் கடினம். ராபின் டன்பாரும் சாம் ராபர்ட்ஸும் பள்ளி முடித்து வெளியேறிய முப்பது பேரைப் பதினெட்டு மாதம் பின்தொடர்ந்தார்கள். பெண்களின் நட்பு தேயாமல் நிற்கப் பேச்சு உதவியது. ஆண்களுக்குப் பேச்சு அவ்வளவாக உதவவில்லை. சேர்ந்து ஏதாவது செய்வதுதான் உதவியது. முப்பது பேரை வைத்து ஊருக்கே சட்டம் எழுத முடியாது. ஆனால் அண்ணன் தம்பிகளே பேசிக்கொள்ளாமல் இருந்த ஒரு குழுவின் ரசிகர்களான நடுவயது ஆண்களைப் பார்த்தால் அதை மறுக்கவும் தோன்றவில்லை.

ஒயாசிஸின் மறுகூடல் அறிவிப்பு வந்த வாரம், கல்லூரி விடுதியில் என்னோடு அறையில் இருந்தவன் லண்டனிலிருந்து போன் செய்தான். பிறந்தநாள் வாழ்த்தோடு நின்றுபோயிருந்த நட்பு. "டேய், டிக்கெட் போடப் போறேன், வர்றியா?" என்றான். விசா, லீவு, பணம் மூன்றும் எனக்குக் கூடிவராது என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில் அவனுக்கே டிக்கெட் கிடைக்கவில்லை. ஆனால் அந்த போன், ரெக்கார்டிங் கடையில் காகிதத்தில் எழுதிக் கொடுத்துப் பதிந்த கேசட்டில் தொடங்கி, எங்கெங்கோ போய், என் செல்போன் சூடாகும் வரை நீண்டது. அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு சாக்கு. எனக்கு அந்தச் சாக்குகூடத் தோன்றவில்லை.

நான் மட்டும் விதிவிலக்கில்லை என்று பிறகு படித்தேன். 2024-ல் லாரா அக்னினும் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் வெளியிட்ட ஆய்வுகளில், தொடர்பு விட்டுப்போன ஒரு நண்பராவது உண்டு என்று சொன்னவர்கள் சுமார் தொண்ணூறு சதவீதம். அவர்களிடம் நண்பரின் தொடர்பு எண் இருந்தது, மீண்டும் பேச ஆசை இருந்தது, நண்பர் மகிழ்வார் என்ற நம்பிக்கையும் இருந்தது. செய்தி எழுத நேரம் கொடுத்து, 'அனுப்புங்கள்' என்றும் சொன்னார்கள். அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பழைய நண்பரோடு பேசத் தொடங்குவதும் முன்பின் தெரியாதவரோடு பேசத் தொடங்குவதும், ஏன், குப்பை பொறுக்குவதும்கூட, அவர்களுக்கு ஏறக்குறைய ஒரே அளவு தயக்கமாக இருந்தது. மறுபுறம், பிட்ஸ்பர்கின் பெக்கி லியூ 2022-ல் காட்டியபடி, திடீரென்று நலம் விசாரித்து வரும் செய்தியைப் பெறுகிறவர், அனுப்புகிறவர் நினைப்பதைவிட அதிகம் மகிழ்கிறார். எதிர்பாராத செய்தியாக இருந்தால் இன்னும் அதிகம்.

தயக்கத்தை உடைக்க அக்னினும் சாண்ட்ஸ்ட்ராமும் பல வழிகளை முயன்றார்கள். நண்பர் எவ்வளவு மகிழ்வார் என்று எடுத்துச் சொன்னது பலிக்கவில்லை. ஒன்று பலித்தது. ஒரு பகுதியினரை முதலில் மூன்று நிமிடம், இப்போது தொடர்பில் இருக்கும் நண்பர்களுக்குச் செய்தி அனுப்பச் சொன்னார்கள், கை பழகட்டும் என்று. அதன் பிறகு பழைய நண்பருக்கு எழுதச் சொன்னபோது அவர்களில் 53 சதவீதத்தினர் அனுப்பினார்கள். அந்த மூன்று நிமிடத்தை வேறு வகையில் போக்கியவர்களில் 31 சதவீதம்.